மேற்குப் புஞ்சைக் கரிமூட்டம்

கண்டரமாணிக்கம்
22.1.2025

அண்ணன் சேவுகப்பெருமாள் அவர்களுக்கு, தங்கச்சி சித்ரா எழுதுறது. நீங்க, அண்ணி, மருமகன் மருது மூணு பேரும் சுகமா இருக்கீகளா? ராய்ப்பூர்ல குளிர் கூடுதல்னு கேள்விப்பட்டேன். இங்க உங்க மாப்பிள்ளை சுகம். நான் சுகம். என் மக கிருத்திகா சுகமா இல்ல. அதுக்குத்தான் இந்தக் கடுதாசி.

இந்தக் காலத்துல கடுதாசியான்னு சிரிப்பீக. பொங்கலன்னைக்குப் போன்ல நான் அழுதுக்கிட்டுச் சொல்றேன், நீங்க "உனக்கு வேற சோலி இல்லையாடி"ன்னு வச்சுட்டீக. அன்னைக்கே கருப்பர் கோயில்ல சூடம் ஏத்தி, இனிமே எங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டேன். உங்க நம்பரையும் பிளாக் பண்ணியாச்சு. எழுத மாட்டேன்னு நான் சத்தியம் பண்ணல.

அப்பா எனக்கு வீட்டையும் உங்களுக்கு மேற்குப் புஞ்சையையும் எழுதி வச்சாரு. நடுவுல ஒரு வேலிதான். அந்தப் புஞ்சையில கரிமூட்டம் போடச் சொல்லி முத்துராமலிங்கத்துக்கு விட்டுட்டீக. சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடித் தீ வச்சா, வாரக்கணக்குல உள்ளுக்குள்ளயே புகையுது. ஒண்ணு அணையுறதுக்குள்ள இன்னொண்ணைப் பத்த வச்சிர்றாரு. பொழுது சாஞ்சா காத்து விழுந்துரும். புகை அங்குட்டும் போகாம இங்குட்டும் போகாம எங்க வீட்டுக்குள்ள வந்து படுத்துக்குது.

கிருத்திகா வாயைத் தொறந்துக்கிட்டுத்தான் தூங்குறா. ஆறு வயசுப் பிள்ளைக்கு அம்புட்டுக் கொறட்டை. திடீர்னு கொறட்டை நின்னுரும். மூச்சும் நின்னுரும். நெஞ்சு மட்டும் உள்ள இழுக்கும். நான் தட்டுறதுக்குள்ள, தண்ணிக்குள்ளருந்து எந்திரிக்கிற மாதிரி வாரிச் சுருட்டி எந்திரிக்கிறா. பகல்ல பள்ளிக்கூடத்துல தூங்கி வழியுறா. அங்கன்வாடியில ஊரார் பிள்ளைகளை எடை போட்டுப் பாக்குறேன், என் பிள்ளை எடை கொறஞ்சுக்கிட்டே போகுது.

மூட்டத்தை எடுக்கச் சொல்லுங்கண்ணே. அது ஒண்ணுதான் கேக்குறேன்.

மருதுக்கு என் முத்தம்.
சித்ரா


ராய்ப்பூர்
10.2.2025

அன்புத் தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்லவும். முறுக்கு கம்பெனி நல்லபடியா ஓடுது.

உன் கடுதாசியை அண்ணிகிட்ட வாசிச்சுக் காட்டினேன். சத்தியம் பண்றதுல அம்மாவையே மிஞ்சிட்ட போ. கொறட்டைக்காடி கடுதாசி போடுவாக? எங்க மருது விடுற கொறட்டைக்கு அடுப்புல இருக்க எண்ணெய் அலம்பும். எட்டு வயசு ஆச்சு, இன்னும் பாய நனைக்கிறான். அதுக்கு தினம் அண்ணிகிட்ட ரெண்டு வாங்குறான். பகல்ல எங்க ஒக்காந்தாலும் தூக்கம். இந்தக் குளிருக்கு முறுக்குப் பட்டறைக்கு மேல பரண்ல படுக்கப் போட்டிருக்கோம், கீழ அடுப்புச் சூடு கதகதன்னு இருக்கும், பய கும்பகர்ணனாட்டம் கெடக்கான். நாங்க கடலைத்தோலு, பழைய பலகைன்னு என்னத்தையெல்லாமோ எரிக்கிறோம். அவன் என்ன செத்தா போயிட்டான்? நம்ம வம்சமே கொறட்டை வம்சம். அப்பா தூங்குனா தெருவே முழிச்சுக் கெடக்கும்ல?

கிருத்திகாவுக்கு மூக்குல நல்லெண்ணெய் ரெண்டு சொட்டு விடு, சரியாப் போகும். முத்துராமலிங்கத்துக்கு வர்ற தை வரைக்கும்னு வாக்குக் குடுத்துட்டேன். அப்பா பேரு சொல்ற பிள்ளை வாக்கு மாறுனான்னு ஊர்ல ஒரு பேச்சு வரக் கூடாது.

ஆவணியில பாப்பாவுக்குக் காது குத்தணும்னு சொன்னியே. என் மடியில வச்சுக் குத்தும்போது திருப்பத்தூர் வரைக்கும் பேசுற மாதிரி சீர் கொண்டாறேன் பாரு. கோவத்தை விடு.

அண்ணன்
சேவுகப்பெருமாள்


கண்டரமாணிக்கம்
3.3.2025

அண்ணனுக்கு சித்ரா எழுதுறது. எல்லாரும் சுகமா இருப்பீக. இருங்க.

நல்லெண்ணெய் விட்டேன். வேலைக்காகல. காரைக்குடியில காது மூக்கு டாக்டரம்மாகிட்டக் காட்டுனோம். மூக்குக்குப் பின்னால அடினாய்டுன்னு ஒரு சதை வீங்கிக் கெடக்காம். டான்சிலும் ரெண்டு பக்கமும் நெல்லிக்காயாட்டம் இருக்கு. மதுரையில ஒரு ராத்திரி தங்க வச்சு, உடம்பெல்லாம் ஒயரை ஒட்டித் தூங்கச் சொல்லிப் பாத்தாக. தூக்கத்துல தொண்டை அடைச்சு அடைச்சு மூச்சு நிக்குதாம், ரத்தத்துல காத்துக் கொறையுதாம். மூளைக்கும் நெஞ்சுக்கும் கெடுதலாம். "வீட்டுக்குப் பக்கத்துல எதுவும் எரிக்கிறாகளா?"ன்னுதான் டாக்டரம்மா மொதக் கேள்வியாக் கேட்டாக. புகை பட்டுப் பட்டு அந்தச் சதை இன்னும் வீங்குமாம். ஆபரேசன் பண்ணனும், அதுக்கு முன்னாடி பிள்ளையப் புகையை விட்டு வெளியேத்துங்கன்னுட்டாக.

எங்கிட்டு வெளியேத்துறது? வேலைய விட்டுட்டு நான் எங்க போக? சிங்கம்புணரியில எங்க மாமியார்கிட்டக் கொண்டுபோய் விட்டுட்டு வந்தேன். திரும்பி வர நான் பஸ் ஏறுனதும் "அம்மா"ன்னு ஒரு சத்தம் போட்டா. காதுலயே கெடக்கு. சொந்த வீட்டுல எம் பிள்ளை மூச்சு விட முடியாம அடுத்த வீட்டுல கெடக்கா. யாரால? கூடப் பொறந்தவனால. உங்க வாக்கு பெருசு, எம் பிள்ளை மூச்சு சிறுசு.

சீர் சுமந்துக்கிட்டு வர வேண்டாம். கிருத்திகா உங்க மடியில உக்கார மாட்டா. நம்ம பெரியப்பா மகன் வீரபாண்டியனும் அவளுக்குத் தாய்மாமன் முறைதான். உங்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாதுல்ல? அவர் மடியிலதான் காது குத்தப் போறேன். பத்திரிகையில உங்க பேரு இருக்காது. ஊர் கேக்கட்டும், சொல்லிக்கிறேன்.

அப்புறம், மருது எப்படி இருக்கான்? வாயால மூச்சு விடுறானா? கழுத்தைப் பின்னால வளச்சுப் படுக்குறானா? தலைமாடு வேர்வையில நனையுதா? காலையில தலை வலிக்குதுங்கிறானா? சுகம் விசாரிக்கணும்ல, சும்மாதான் கேட்டேன்.

சித்ரா


ராய்ப்பூர்
25.3.2025

சித்ராவுக்கு. நாங்க சுகமாத்தான் இருக்கோம். நீ சுகமா இருக்கணும்னு எழுதக் கை வரல, ஆனாலும் எழுதுறேன்.

என்ன தைரியம் இருந்தா என் மடி வேண்டாம்னு எழுதுவ? அதுவும் வீரபாண்டியன் மடி? எங்க அப்பா சாவுக்கு வேட்டி மடிச்சுக் கட்டிக்கிட்டு வந்து நின்னவன். தாய்மாமன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது அவன் மடியில எம் மருமக ஒக்காந்தா, நான் ஊருக்குள்ள எந்த முகத்தை வச்சுக்கிட்டு வாரது? கூடப் பொறந்தவனை நடுத்தெருவுல வச்சு அறையுறதுக்குச் சமம்டி இது. அப்படி நடந்துச்சுன்னா, முத்துராமலிங்கத்தைக் கூப்பிட்டு இன்னும் ரெண்டு மூட்டம் சேத்துப் போடச் சொல்லுவேன். நானும் அதே அப்பனுக்குப் பொறந்தவன்தான்.

மருதுவப் பத்திக் கேட்டிருந்த. ஆமா, வாயாலதான் மூச்சு. ஆமா, கழுத்தைக் கோழி மாதிரி வளச்சுக்கிட்டுத்தான் படுக்கான். தலைகாணி நனையுது. தெனம் காலையில தலை வலின்னு பள்ளிக்கூடம் போகாம இருக்கப் பாக்குறான். பொய்க்காரப் பய. வாத்தியாரு மக்குங்கிறாரு. படிப்பு ஏறலைன்னா நிப்பாட்டிட்டுப் பட்டறையில முறுக்கு சுத்த ஒக்கார வச்சிரலாம்னு இருக்கேன். அண்ணி டாக்டர்கிட்டக் காட்டணும்னு நச்சரிக்கிறா. நீ எதுக்கு இம்புட்டும் கேக்குற? எதுவும் இருக்கா?

சேவுகப்பெருமாள்


கண்டரமாணிக்கம்
8.4.2025

அண்ணனுக்கு. சுகம் வேண்டும்.

மருதுக்கு ஒண்ணும் இல்லண்ணே. பிள்ளைகன்னா கொறட்டை விடத்தான் செய்யும். நம்ம வம்சமே கொறட்டை வம்சம்ல? அப்பா தூங்குனா தெருவே முழிச்சுக் கெடக்கும்ல? மூக்குல நல்லெண்ணெய் ரெண்டு சொட்டு விடுங்க, சரியாப் போகும்.

பரண்லயே படுக்கட்டும். கதகதன்னு இருக்கும்.

சித்ரா


ராய்ப்பூர்
2.5.2025

அன்புத் தங்கச்சிக்கு. எல்லாரும் சுகம். இங்க வெயில் மண்டையப் பொளக்குது. வீட்டுக்குள்ள சூடு தாங்கல, ஆனாலும் மருதுக்குப் பரண்தான் பழகிப் போச்சு, கீழ எடமும் இல்ல.

உன் கடுதாசி பாத்து மனசு லேசாச்சு. எம்புட்டுக் கோவத்துலயும் எம் மகனைப் பத்திக் கேட்டதும் தெளிவா எழுதுன பாரு, ரத்தம் ரத்தம்தான். அண்ணி இங்க ஒரே ஆட்டம், ஆஸ்பத்திரிக்குப் போகணும், போகணும்னு. போன வாரம் பையைத் தூக்கிட்டே கெளம்பிட்டா. உன் கடுதாசிய எடுத்து நீட்டினேன். "இந்தா படி, சித்ரா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சவ, அவளுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிருச்சு?"ன்னேன். படிச்சுட்டுப் பையை எறக்கி வச்சிட்டா. வைத்தியச் செலவும் மிச்சம், அலைச்சலும் மிச்சம். பள்ளிக்கூடத்துலருந்து பயலையும் நிப்பாட்டியாச்சு.

மூட்டம் தை வரைக்கும்தான். பொறுத்துக்க. மடி விசயம் நீ கோவத்துல எழுதுனதுன்னு எடுத்துக்கிட்டேன்.

பாப்பா ஆபரேசன் என்னைக்கின்னு எழுது.

அண்ணன்


கண்டரமாணிக்கம்
11.6.2025

பொன்னுத்தாயி அண்ணிக்கு சித்ரா எழுதுறது. நீங்க சுகமா, சாப்பிட்டீகளான்னெல்லாம் கேக்க எனக்கு யோக்கியதை இல்ல. இதைப் படிச்ச உடனே மருதுவப் பரணை விட்டு எறக்கிப் போடுங்க. இன்னைக்கே.

உங்க நம்பருக்கு நாலஞ்சு தடவை அடிச்சேன். ரிங் போறதுக்குள்ள நானே கட் பண்ணிட்டேன். உங்க குரலைக் கேக்கத் தைரியம் வரல. அதான் ஸ்பீட் போஸ்ட்.

கிருத்திகாவுக்கு இருக்கதுதான் மருதுக்கும் இருக்கு. அண்ணன் பிப்ரவரியில எழுதுனப்பவே எனக்குப் பொறி தட்டுச்சு. மார்ச்சுல நான் கேட்ட கேள்வியெல்லாம் டாக்டரம்மா என்கிட்டக் கேட்ட கேள்வி. அம்புட்டுக்கும் ஆமான்னு பதில் வந்துச்சு. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுதான் ஒண்ணும் இல்லன்னு எழுதுனேன். அவர் எனக்கு எழுதுன வார்த்தையையே திருப்பி அவர் மூஞ்சியில எறிஞ்சேன். எறிஞ்சப்ப மனசு குளுந்துச்சு அண்ணி, பொய் சொல்லல. எம் பிள்ளை பட்ட பாட்டை அவரும் பாக்கட்டும்னு இருந்துச்சு. அது உங்களைக் கட்டிப் போடும்னு நான் நெனைக்கல. மே மாசம் அந்தக் கடுதாசி வந்து பையை எறக்கி வச்சீகன்னு படிச்சப்பவும் உடனே எழுதல. அவராத் தெரிஞ்சு துடிக்கட்டும்னு இருந்தேன்.

போன வாரம் மதுரையில கிருத்திகாவுக்கு ஆபரேசன். பிள்ளைய உள்ள கொண்டுபோனதும் வாசல்ல நின்னுக்கிட்டுக் கருப்பரைக் கும்பிட்டேன். எம் பிள்ளை மூச்சக் காப்பாத்துன்னு சொல்ல வாயெடுத்தேன், வரல. இன்னொரு பிள்ளை மூச்ச நெரிச்சு வச்சுட்டு எந்த வாயால கேக்குறது? கும்பிட்ட கையோட அப்படியே நின்னேன். கிருத்திகா நல்லா இருக்கா. சிங்கம்புணரியில வாயை மூடிக்கிட்டுத் தூங்குறாளாம்.

காது மூக்குத் தொண்டை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க. தூங்கும்போது மூச்சு நிக்குதுன்னு சொல்லுங்க. படுக்கையில நனைக்கிறது, தலை வலி, பகல் தூக்கம் எல்லாத்தையும் சொல்லுங்க. அவன் மக்கு இல்ல, பொய்க்காரன் இல்ல. அதுக்கெல்லாம் அவனை அடிக்காதீக.

இது உங்களுக்கு எழுதுனது. அண்ணனுக்கு இல்ல. அவர் மேல இருக்க ஆத்திரம் அப்படியேதான் இருக்கு.

சித்ரா


ராய்ப்பூர்
19.7.2025

சித்ராவுக்கு அண்ணி எழுதுறேன். கிருத்திகா எப்படி இருக்கா? அவளுக்கு என் ஆசீர்வாதம். உனக்கு இல்ல.

உன் கடுதாசிய நின்ன எடத்துலயே படிச்சேன். கையில செருப்பு இருந்துச்சு. நீ எதுர இருந்திருந்தா அடிச்சிருப்பேன். ஒரு பொம்பளை, பிள்ளை பெத்தவ, ரெண்டு மாசம் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்க.

அன்னைக்கே கூட்டிட்டுப் போனேன். டாக்டர் மருது வாயில லைட் அடிச்சுப் பாத்துட்டு, இம்புட்டு நாளா என்னம்மா பண்ணுனன்னு சத்தம் போட்டாரு. தொண்டையில இடமே இல்லையாம். நெஞ்சுப் படம் எடுத்துப் பாத்துட்டு, இதயத்துல லேசா அழுத்தம் இருக்கு, நல்ல வேளை இப்பவாவது வந்தீகன்னாரு. ஆபரேசன் முடிஞ்சு மூணு நாள் ஆக்சிசன்ல இருந்தான். அவனை நான் அடிச்சதெல்லாம் ஞாபகம் வந்து, கட்டில் கம்பியைப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். பாய நனைச்சான்னு அடிச்சேன் சித்ரா. தூக்கத்துல மூச்சுக்குத் தவிச்ச பிள்ளைய அடிச்சேன்.

பட்டறைய வேற எடத்துக்கு மாத்தியாச்சு. மாத்தலைன்னா நானும் மகனும் ஊருக்குப் போறோம்னு உன் அண்ணன்கிட்டச் சொன்னேன். அவருக்கு நீ எழுதுன மூணு கடுதாசியையும் வரிசையா முன்னால வச்சு, சத்தமாப் படிங்கன்னேன். நல்லெண்ணெய் வரி வந்ததும் படிக்க முடியல. அந்த வரியை எழுதுனது நீ, ஆனா மொதல்ல எழுதுனது அவரு.

அப்புறம் முத்துராமலிங்கத்துக்கு நானே போன் போட்டேன். "அண்ணே, அந்தப் புஞ்சையில நாளைக்குப் புகை தெரிஞ்சா நான் வந்து மூட்டத்துமேல ஒக்காருவேன்"னேன். அந்த மனுசன் பயந்துட்டாரு. தண்ணி ஊத்தி அணைச்சிட்டாகன்னு கேள்விப்பட்டேன். உனக்காகச் செய்யல. கிருத்திகாவுக்காகச் செஞ்சேன்.

பொன்னுத்தாயி


ராய்ப்பூர்
4.8.2025

சித்ராவுக்கு. சுகம் விசாரிச்சு எழுத இப்பத் தோணல.

வாக்கு மாறிட்டேன். முத்துராமலிங்கத்துகிட்ட நானும் சொல்லிட்டேன், புஞ்சை இனி கரிக்கு இல்லன்னு. ஊர் பேசிக்கிட்டுப் போகுது.

நான் உனக்குச் செஞ்சது தெரியாம செஞ்சது. நீ எனக்குச் செஞ்சது தெரிஞ்சு செஞ்சது. அதை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். இத எழுதிட்டு யோசிச்சுப் பாத்தேன். நானும் தெரியாம செய்யல. நீ அழுதுக்கிட்டுச் சொன்ன, நான் கேக்க மாட்டேன்னு போனை வச்சேன். கேக்காம இருக்கதும் தெரிஞ்சு செய்றதுதான்.

காது குத்துக்கு நான் வரல. நீ சொன்னபடி வீரபாண்டியன் மடியிலயே வச்சுக் குத்திக்க. உன் முகத்துல முழிக்க எனக்கு இஷ்டம் இல்ல. என் முகத்துலயும் நீ முழிக்க வேண்டாம். சீர் மட்டும் பார்சல்ல வரும்.

சேவுகப்பெருமாள்


கண்டரமாணிக்கம்
17.8.2025

அண்ணன் சேவுகப்பெருமாள் அவர்களுக்கு, தங்கச்சி சித்ரா எழுதுறது. நீங்க, அண்ணி, மருது மூணு பேரும் எப்படி இருக்கீக? மருது பள்ளிக்கூடம் திரும்பப் போறானா? சாப்பிடுறானா? இந்தத் தடவை நெசமாவே கேக்குறேன்.

மூட்டம் இருந்த எடம் வெறும் கருப்பு மண்ணாக் கெடக்கு. கிருத்திகா வீட்டுக்கு வந்துட்டா. முதல் நாள் சத்தமே இல்லாமத் தூங்குனா. எனக்குத்தான் தூக்கம் வரல, மூக்குக்குக் கீழ விரலை வச்சு வச்சுப் பாத்துக்கிட்டே கெடந்தேன். காலையில எந்திரிச்சதும் தோசை கேட்டா. அவ பசின்னு கேட்டு எம்புட்டு நாளாச்சு தெரியுமா? சட்டிய அடுப்புல வச்சுட்டு அழுதேன்.

ஆவணி கடைசி முகூர்த்தத்துல காது குத்து வச்சிருக்கு. நீங்க வரலைன்னு எழுதியிருக்கீக. வீரபாண்டியன் அண்ணன்கிட்ட ஆள் விட்டு வேண்டாம்னு சொல்லியாச்சு. அவரு மொகம் சுண்டிப்போச்சாம், அது என் பாடு. வராம இருந்து தப்பிச்சுக்கலாம்னு பாக்குறீக. விட மாட்டேன். தண்டனையை அனுபவிக்க ஆள் இங்க வரணும்.

நீங்க வரணும். ஊரே பாக்க நம்ம கோயில்ல சம்மணம் போட்டு உக்காரணும். கிருத்திகாவ உங்க மடியில வைப்பேன். ஊசி ஏறுறப்ப அவ வீறிட்டு அழுவா. அழுகைக்கு நடுவுல இழுத்து இழுத்து மூச்சு விடுவா பாருங்க, அந்த மூச்ச உங்க நெஞ்சோட ஒட்ட வச்சு நீங்க கேக்கணும். எதை நிறுத்தப் பாத்தீகன்னு தெரியணும்.

பந்தி முடிஞ்சதும் மருதுவ என்கிட்டக் குடுங்க. அண்ணிக்கு இஷ்டம் இருக்காது, கேட்டு வாங்கிக் குடுங்க. அவன் என் மடியில படுத்துத் தூங்கணும். எட்டு வயசுப் பய அத்தை மடியில படுக்க வெக்கப்படுவான், படுத்தாகணும். அவன் மூச்ச நான் கேக்கணும். கால் மரத்துப்போனாலும் அசைய மாட்டேன்.

அது வரைக்கும் நான் உங்களை மன்னிக்க மாட்டேன். நீங்களும் என்னை மன்னிக்காதீக.

சித்ரா